வேலை போன பின் பணம் வரவில்லையா? இ.எஸ்.ஐ., பி.எஃப். கிளைம் சிக்கும் இடங்களும் எடுக்கும் வழிகளும்

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்றே பலர் நினைக்கிறார்கள். வேலை போனால் அதே இ.எஸ்.ஐ.யிலிருந்து 90 நாட்கள் வரை நிவாரணம் கிடைக்கும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்பது திட்டத்தின் பெயர். 2018 ஜூலை 1-ல் தொடங்கியது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாக இருந்தது, 2020 மார்ச் 24 முதல் 50 சதவீதமாக உயர்ந்தது. கடைசியாக 2026 ஜூன் 30 வரை நீட்டித்திருக்கிறார்கள். இதோடு பி.எஃப். பணமும் உண்டு. இங்கே பார்க்கப்போவது இவை இரண்டையும்தான்.

கிளைம் சிக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்வது, அதே கிளைமைத் திரும்பத் திரும்பப் போடுவது. அதில் பயன் இல்லை. தவறு உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது அரிது. கம்பெனி உங்களைப் பற்றி முன்பே ஏற்றி வைத்த பதிவில்தான் இருக்கும். பதிவைச் சரிசெய்துவிட்டு அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

எனவே எந்தச் சிக்கலானாலும் முதலில் இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, இ.எஸ்.ஐ.சி. போர்ட்டலில் உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணை வைத்து நுழைந்தால் தெரியும் சந்தா விவரம். மற்றொன்று, 12 இலக்க யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) வரும் பி.எஃப். பாஸ்புக்கும் சர்வீஸ் ஹிஸ்டரியும். இரண்டையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் போய் நின்றாலும் பேச்சு இதை வைத்துத்தான் நடக்கும்.

அறிகுறி: வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது, இ.எஸ்.ஐ. பதிவில் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது

அடிக்கடி வருவது இதுதான், காரணமும் மிகச் சிறியது. ஒவ்வொரு மாதமும் கம்பெனி ஒரு எக்ஸெல் தாளில் சந்தாக் கணக்கை ஏற்றும். காப்பீட்டு எண், பெயர், சம்பளம் கொடுத்த நாட்கள், மொத்தச் சம்பளம், நாட்கள் பூஜ்யமென்றால் அதற்கான காரண எண், கடைசி வேலை நாள் என்று ஆறு கட்டங்கள். நீங்கள் நின்ற பிறகும் உங்கள் பெயர் அந்தத் தாளில் வந்துகொண்டே இருக்கும். கம்பெனி அங்கே எந்த எண்ணைப் போட்டது என்பதில்தான் உங்கள் கிளைம் நிற்கிறது.

0 என்றால் காரணம் சொல்லவில்லை. 1 என்றால் விடுப்பில் இருக்கிறார். 11 என்றால் வேலை இல்லை. இந்த மூன்றில் எதைப் போட்டாலும் பதிவில் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள்தான். 2 என்றால் வேலையை விட்டுப் போய்விட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. இந்த இரண்டோடும் கடைசி வேலை நாளையும் நிரப்ப வேண்டும். தேதி இல்லாவிட்டால் வேலை இழந்த நாளை எங்கிருந்து எண்ணுவது என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தெரியாது. கணக்கு எழுதுபவர் யோசிக்காமல் 0 போட்டுவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஹெச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னால் தடயம் இருக்காது. "என் கடைசி வேலை நாள் இந்தத் தேதி. அடுத்த மாதச் சந்தாத் தாளில் காரண எண் 10, கடைசி வேலை நாள் இது என்று பதிவிடவும்" என்று எண்ணோடு எழுதுங்கள். "இ.எஸ்.ஐ.யைச் சரிசெய்து கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எதைச் சரிசெய்வது என்று அவர்களுக்கே புரியாது. மாதச் சந்தாவுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. அதற்கு ஐந்தாறு நாள் முன்பே மின்னஞ்சல் போய்விட வேண்டும்.

கம்பெனியே மூடிப்போயிருந்தால் தாளை ஏற்ற ஆள் இருக்காது. அப்போது கிளை அலுவலகத்துக்கு நேராகப் போங்கள். மூடல் அறிவிப்பின் நகல் அல்லது படம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறுவது நின்றதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட், நாளை முதல் வர வேண்டாம் என்று வந்த செய்தி, இப்படிக் கிடைப்பதையெல்லாம் ஒரு கடிதத்தோடு கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நிவாரணத்துக்கான விண்ணப்பம் கம்பெனி வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. காப்பீடு பெற்ற தொழிலாளியே நேரடியாகக் கொடுக்கலாம்.

அறிகுறி: சந்தா நாட்கள் போதவில்லை என்று நிராகரிப்பு

நிபந்தனைகள் மூன்று. வேலை இழப்பதற்கு முன் குறைந்தது 2 ஆண்டு காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போனதற்கு நேர் முந்தைய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாட்கள் இருக்க வேண்டும்.

சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. 2025 நவம்பர் 20-ல் வேலை போனதாக வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்கப்படுவது 2025 ஏப்ரல்–செப்டம்பர். அதில் 78 நாட்கள், அதாவது மாதம் 13 நாள் வீதம் ஆறு மாதம். பிறகு 2024 அக்டோபர்–2025 மார்ச், 2024 ஏப்ரல்–செப்டம்பர், 2023 அக்டோபர்–2024 மார்ச் இவற்றில் ஏதாவது ஒன்றில் 78 நாட்கள். நீங்கள் முழுநேரம் வேலை பார்த்திருந்தால் இது எளிதாகத் தேறும். தேறவில்லை என்றால் பின்வரும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

முதலாவது, பிடித்த சந்தாவைக் கம்பெனி கட்டவில்லை, அல்லது நாட்களைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. சந்தா விவரப் பக்கத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒத்துப்பாருங்கள். சீட்டில் 26 நாள், பதிவில் 10 நாள் என்றிருந்தால் அந்த மாதங்களைப் பட்டியலிட்டு மண்டல அலுவலகத்துக்கோ துணை மண்டல அலுவலகத்துக்கோ புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் சென்னையில் மண்டல அலுவலகமும் கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் துணை மண்டல அலுவலகங்களும் உள்ளன. சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருப்பதே ஆதாரம். தொழிலாளி பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டிய கடமை சட்டப்படி கம்பெனியுடையது. அதை வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு இருக்கிறது.

இரண்டாவது, ஒரே ஆளுக்கு இரண்டு காப்பீட்டு எண். கம்பெனி மாறும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். உங்கள் இரண்டு ஆண்டு, இரண்டு எண்களுக்குள் பிளந்து கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தேறாது. பழைய பெஹ்சான் அட்டையை (இ.எஸ்.ஐ. அடையாள அட்டை) தேடி எடுங்கள். இரண்டு எண்களையும் ஆதார் நகலையும் வைத்து, ஒன்றாக இணைக்கும்படி கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இணைந்த பிறகு கிளைம் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மூன்றாவது, சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியது. 2017 ஜனவரி முதல் உச்சவரம்பு இதுதான், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. சந்தா காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடர வேண்டும், அடுத்த காலத்தில்தான் வெளியே போவீர்கள். மே மாதம் சம்பளம் 22,000 ஆனவுடன் ஜூனிலேயே சந்தாவை நிறுத்தியிருந்தால் அது கம்பெனியின் தவறு, கேட்டுச் சரிசெய்ய வைக்கலாம். முறைப்படி வெளியே போய் ஓராண்டு ஆகிவிட்டது என்றால் இந்த நிவாரணத்தில் வழியில்லை. கீழே பி.எஃப். பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: தேதி காரணமாகத் திரும்பி வந்தது

வேலை போய் 30 நாட்கள் கழித்துத்தான் தொகை கோர முடியும். தொடக்கத்தில் இது 90 நாளாக இருந்தது, இன்றும் சில இடங்களில் அதையே சொல்லி அனுப்புவார்கள். வரப்போகும் நாட்களுக்கு முன்கூட்டியே கோர முடியாது. விண்ணப்பத்தில் எழுதும் 'வரை' தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும். மறுபக்கம் ஓர் எல்லையும் உண்டு: வேலை போன நாளிலிருந்து ஓராண்டுக்குள் கிளைம் போய்ச் சேர வேண்டும். கம்பெனி காரண எண்ணை மாற்றும் வரை காத்திருந்து இந்த ஓராண்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். எட்டு மாதம் தாண்டியும் பதிவு சரியாகவில்லை என்றால், இருக்கும் ஆதாரத்தோடு கிளைமைக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

இடையில் வேறு வேலை கிடைத்துவிட்டால் உரிமை முழுதாகப் போய்விடாது. பழைய வேலை போன நாளுக்கும் புது வேலையில் சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்குக் கோரலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் காப்பீட்டில் இருந்து ஒன்று மட்டும் போயிருந்தால் வேலையற்றவராகக் கருத மாட்டார்கள்.

அறிகுறி: காரணம் ஏற்கப்படவில்லை

ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கம், ஓய்வு, விருப்ப ஓய்வு, கதவடைப்பு, சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கு நிவாரணம் இல்லை. பொய்த் தகவல் கொடுத்ததற்காக இ.எஸ்.ஐ. சட்டத்தில் தண்டனை பெற்றவருக்கும் இல்லை. எக்ஸெல் தாளில் காரண எண் 9 என்பது வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு. ஆலை வெறுமனே மூடப்பட்டதற்கு 9 போட்டிருந்தால் அதை எதிர்த்துத் திருத்தக் கேட்க வேண்டும்.

ஒன்றை மனதார வேண்டிக் கேட்கிறோம். அனுப்பும் நாளில் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால், "நிர்வாகம் ஆட்குறைப்பு செய்வதாகத் தெரிவித்ததன் பேரில்" என்ற வரியைச் சேர்த்து எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பிற்பாடு உங்கள் பக்கம் நின்று பேசும்.

அறிகுறி: பணம் வந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

பிழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி மாதச் சம்பளத்தில் பாதி என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் வரும். முந்தைய நான்கு சந்தா காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்து, அதில் பாதிதான் ஒரு நாள் தொகை. மாதம் 15,000 வீதம் 24 மாதமும் வேலை செய்திருந்தால் மொத்தம் 3,60,000. 730-ஆல் வகுத்தால் 493 ரூபாய் சொச்சம். பாதி சுமார் 246.60. தொண்ணூறு நாளுக்கு ஏறக்குறைய 22,190 ரூபாய். அதே ஆளுக்கு இந்த நான்கு காலங்களில் 18 மாதச் சம்பளம்தான் பதிவாகியிருந்தது என்றாலும் வகுப்பது 730-ஆல்தான். அப்போது கிடைப்பது 16,640 ரூபாய் சுமார். எனவே நாட்கள் விடுபட்ட ஒவ்வொரு மாதமும் தொகையை நேராகக் குறைக்கிறது. மேலே சொன்ன ஒத்துப்பார்க்கும் வேலையை 78 நாள் தேறியவர்களும் செய்ய வேண்டியது இதனால்தான்.

இந்த 90 நாள் வாழ்நாளில் ஒரு முறைதான். இதே நாட்களுக்கு வேறு இ.எஸ்.ஐ. பணப்பயன் வாங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை மட்டும் தொடரும். நிவாரணம் பெறும் காலத்தில் மருத்துவ வசதியும் உண்டு.

அறிகுறி: முத்திரைத்தாளில் உறுதிமொழி கேட்கிறார்கள்

பழைய வழக்கம். முன்பு இந்த நிவாரணத்துக்கான ஏ.பி.1 படிவத்தை நோட்டரி உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் அந்தத் தேவை நீக்கப்பட்டது. போர்ட்டலில் கிளைமை நிரப்பி, ஆதாரையும் வங்கி விவரத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். ஏற்ற முடியாதவர்கள் நிரப்பிய படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு நகல்களோடு கிளை அலுவலகத்தில் தரலாம். இ.எஸ்.ஐ. உதவி எண் 1800-11-2526, கட்டணமில்லை.

ஆலை நிரந்தரமாக மூடப்பட்டவர்கள், முறைப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்கள், வேலை சாராத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் அடைந்தவர்கள் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா பற்றியும் அங்கேயே கேளுங்கள். அதில் 24 மாதம் வரை தொகை உண்டு. முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம்.

அறிகுறி: ஒப்புதல் ஆகிவிட்டது, கணக்கில் பணம் ஏறவில்லை

ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வசம் போனது. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. வேலையில் சேரும்போது கொடுத்த எண் இந்தப் பழைய வங்கிகளுடையது என்றால் பணம் திரும்பிப் போகும். இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டிலும் புது எண்ணை ஏற்றுங்கள். இரண்டு ஆண்டு எந்த வரவுசெலவும் இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பித்த பிறகு கோரிக்கை வையுங்கள்.

இனி பி.எஃப்.: வெளியேறிய தேதி இல்லை என்று கிளைம் நகரவில்லை

கம்பெனி தேதி போடவில்லை என்றால் நீங்களே போடலாம். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். யு.ஏ.என். போர்ட்டலில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' என்பதைத் திறந்து, கம்பெனியைத் தேர்ந்து, தேதியையும் காரணத்தையும் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்யுங்கள். தேதி, கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள்தான் இருக்க வேண்டும். பாஸ்புக்கைப் பார்த்த பிறகே நிரப்புங்கள். ஒரு முறை போட்ட தேதியை அதே பக்கத்தில் மாற்ற முடியாது. பி.எஃப்.புக்கு ஒரு வெளியேற்றத் தேதி, பென்ஷனுக்கு ஒன்று என்று இரண்டும் சர்வீஸ் ஹிஸ்டரியில் தெரிய வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பென்ஷன் தொகைக்கான 10சி படிவம் திரும்பி வரும்.

பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் பொருந்தவில்லை

நம் ஊரில் இனிஷியல் இதற்கு முக்கியக் காரணம். ஆதாரில் 'முருகன் செ', பி.எஃப்.பில் 'செ.முருகன்', பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக. மூன்றில் ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய, ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட யு.ஏ.என். என்றால் 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றைக் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் கூட்டு அறிவிப்பு (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்தக் கோரிக்கை) கம்பெனி வழியாகப் போகும். காசோலைப் படம் தெளிவில்லை என்ற பழைய நிராகரிப்பு இனி இல்லை. அந்தப் படத்தை ஏற்றும் தேவையையே 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

தவறான படிவம், தவறான காலம்

முன்பணம் 31, முழுத் தொகை 19, பென்ஷன் தொகை 10சி. பழைய விதியில் வேலை போன 1 மாதத்தில் 75 சதவீதமும் 2 மாதத்தில் மீதியும் எடுக்கலாம். 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதம் 12 மாதம் கழித்து, பென்ஷன் தொகை 36 மாதம் கழித்து. ஆகவே கிளைம் போடும் அன்று போர்ட்டல் எந்தத் தேர்வைக் காட்டுகிறதோ அதையே எடுங்கள். பழைய கணக்கை நம்பி 19-ஐ அழுத்த வேண்டாம்.

பென்ஷனில் 10 ஆண்டு சேவை முடிந்திருந்தால் பணமாகக் கிடைக்காது, பென்ஷன் சேவைக் காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ்தான் வரும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவருக்குப் பென்ஷன் கணக்கே இருக்கக் கூடாது. கம்பெனி தவறாக அதில் பணம் போட்டிருந்தால் 10சி நிராகரிக்கப்படும். அந்தத் தொகையைப் பி.எஃப். கணக்குக்கு மாற்றும்படி கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரி பிடித்துவிட்டார்கள்

தொடர் சேவை 5 ஆண்டுக்குக் குறைவு, தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் 20. பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதோடு மாற்றி இணைத்தால் பழைய சேவையும் அந்த 5 ஆண்டில் சேரும். அதனால் முதலில் இணைப்பு, பிறகு கிளைம். கம்பெனி தொழிலை நிறுத்தியதாலோ உங்கள் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் 5 ஆண்டு நிபந்தனை பொருந்தாது. அதற்கும் பதிவில் இருக்கும் வெளியேறிய காரணம்தான் சாட்சி.

'பரிசீலனையில்' என்றே நாட்கணக்கில் நிற்கிறது

எல்லாம் சரியாக உள்ள கிளைமை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது பி.எஃப். திட்ட விதி. போதிய காரணமின்றித் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத அபராத வட்டிக்கு ஆணையரே பொறுப்பு என்றும் அதே விதி சொல்கிறது. 21-வது நாள் பி.எஃப். புகார்த் தளமான இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ்.-ல் கிளைம் எண், யு.ஏ.என்., போட்ட தேதி ஆகியவற்றோடு புகார் பதியுங்கள். பதில் பொருத்தமில்லாமல் முடித்துவைக்கப்பட்டால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் தளத்தில், முந்தைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நேரில் பேச விரும்பினால் ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்குப் போகலாம். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். நிராகரிப்புக் காரணம் தெரியும் பக்கத்தின் அச்சு, ஆதார், பான், பாஸ்புக், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், மற்றதில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.